இடுப்பளவு குழி

கிளாரன்ஸ் வாயால் ஒரு பொருள் 'சரி' என்று பேர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. மண் வாரும் ராட்சத வண்டிகளைச் செய்கிற பாக்டரியில் அவனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் வேலை. ஒருவன் ஷிஃப்ட் முழுக்க நின்று, வியர்வை சொட்டச் சொட்டக் கடைந்து கொண்டுவந்து வைக்கும் பல்சக்கரத்தை இவன் அளவு பார்க்கிற கேஜ் வைத்துப் பார்ப்பான். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. ஏன் சார் என்று கேட்டால், "அளவுல இல்ல" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. காரணம் கேட்கிறவனை மடையனாகவும், காரணம் சொல்வதை வெட்டி வேலையாகவும் நினைக்கிற ஜாதி. பாக்டரியில் அவனுக்கு 'ரிஜக்ட் கிளாரன்ஸ்' என்று பேர். அது அவனுக்கும் தெரியும், கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீட்டிலும் அதே கதைதான். சந்தையில் தக்காளியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பான். செருப்புக் கடைக்காரன் இவன் தெருமுனையில் வரும்போதே பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிடுவான். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மட்டும் எப்பிடியோ கேஜ மறந்துட்டு வந்துட்டான்" என்று அவன் மச்சான் இன்பராஜ் எல்லார் முன்னாலும் கேலி செய்வார். அவன் மனைவி லூயிசா சிரித்துக்கொள்வாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கலியாணமாகி, தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் கிளாரன்ஸ் பிறந்து வளர்ந்த அதே லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள்.

லூயிசாவுக்குத் தண்ணீர் குடிக்கப் பயம்.

இதைச் சொன்னால் புதிதாகக் கேட்கிறவர்களுக்கு விளங்காது. லைன் வீடு என்பது ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளின் வரிசை. முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு சுவர், அவ்வளவுதான். கக்கூஸ் லைனின் கடைசியில், எல்லோருக்கும் பொதுவாக, தகரம் அடித்து நிற்கும். பாதித் தகரம் துருப்பிடித்து விழுந்துவிட்டது, மீதியை யாரோ கழற்றிக்கொண்டு போய்க் கோழிக்கூண்டு செய்துவிட்டார்கள். கதவில்லாத அந்த இடத்துக்கு, கையில் டப்பாவோடு, லைன் முழுக்க வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரு டீச்சர் நடந்து போக வேண்டும். உள்ளே போனால் அங்கே அவளிடம் படிக்கிற பிள்ளையின் அம்மா இருப்பாள், "டீச்சர், எம் பையன் கணக்குல எப்பிடி?" என்பாள். பள்ளிக்கூடத்திலும் டீச்சர்களுக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது.

ஆகவே லூயிசா ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் அரை டம்ளர் காப்பி. பிறகு இருட்டும்வரை தொண்டையை நனைப்பதோடு சரி. வருஷக்கணக்கில் இப்படி ஓட்டியதில் உடம்பு கணக்குத் தீர்த்துக்கொண்டது. நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல், இடுப்பைப் பிளக்கிற வலி. ஆஸ்பத்திரியில் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, இப்படியே தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கிட்னி போய்விடும், அப்புறம் நான் பொறுப்பில்லை என்று கண்டித்துச் சொன்னார். லூயிசா நல்ல மாணவியாகத் தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற கிளாரன்ஸும் தலையாட்டினான். திரும்பி வருகிற வழியில், இனிமேலாவது ஒழுங்காகக் குடிப்பாயா என்று அவன் கேட்டதற்கு அவள் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பதில் அவனுக்கும் தெரியும்.

வெளியே யாருக்கும் இதைச் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா இது? உடம்புச் சூடு என்று ஒரு வார்த்தையில் மூடிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை பின்னால் என்ன பாடு படுத்தியது என்பதுதான் கதை.

சூடு என்று கேள்விப்பட்டதும் இன்பராஜ் துடித்துப்போனார். லூயிசாவுக்கு மூத்தவர், தாய் தகப்பன் போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர். தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்ட் என்கிற ஆழக்குழி இறக்குகிற கேங்கில் மேஸ்திரியாக இருந்து, கம்பெனி வி.ஆர்.எஸ். என்று நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தவர். லைன் குழாயில் வருகிற செம்பட்டைத் தண்ணீர்தான் தங்கச்சிக்குச் சூட்டைக் கிளப்புகிறது என்று அவரே நோய் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பக்கத்து ஊரிகத்திலிருந்து சைக்கிளில் இளநீர் கட்டிக்கொண்டு வருவார். அவள் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாளா என்று எதிரே நின்று பார்ப்பார். அண்ணன் போனதும் லூயிசா சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருட்டுக்குக் காத்திருப்பாள். அன்பும் சில சமயம் பிராணனை வாங்கும்.

கிளாரன்ஸ் ஊரிகத்துக்கு அப்பால் சரிவில் போட்டிருந்த புது லே-அவுட்டில் ஒரு மனை வாங்கினான். மற்றவர்கள் மனை வாங்கினால் பூஜை அறை எங்கே, ஹால் எங்கே என்று கோடு போடுவார்கள். இவன் முதலில் கக்கூஸுக்குக் கோடு போட்டான். வீட்டுக்குள்ளேயே, கதவு வைத்து, தாழ்ப்பாள் வைத்து, லூயிசாவுக்கு. வீடு நிதானமாக வளரட்டும், இது முதலில் என்றான். லூயிசா மனையைப் பார்க்க வந்த அன்றைக்குத் தாழ்ப்பாள் உட்பக்கம்தானே என்று இரண்டு தடவை கேட்டாள்.

லே-அவுட்டில் சாக்கடைக் குழாய் கிடையாது. அவனவன் வீட்டுக் கழிவுக்கு அவனவன்தான் வழி பார்க்க வேண்டும். ஒரு குழி வெட்டி, மேலே கடப்பைக்கல்லைப் போட்டு மூடிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கொத்தனார் சொன்னார். மேல்தெருவில் ஒருவர் அப்படித்தான் செய்திருந்தார். ஒரே மழையில் பக்கத்துக் கிணறு நாறி, தெருவில் பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாகப் படுத்ததை கிளாரன்ஸ் கண்ணால் பார்த்திருந்தான். அவன் மனைக்குக் கீழே சரோஜம்மாவின் கிணறு இருந்தது. கீழ்த்தெரு முழுக்க அதில்தான் குடிநீர். சரோஜம்மா அந்தக் கிணற்றைப் பருந்து போலக் காத்தாள். தன் வீட்டில்கூட கக்கூஸ் கட்டவில்லை. தெருப் பெண்களோடு பொழுது விடிவதற்கு முன் தைலமரத் தோப்புக்குத்தான் போய்வந்தாள்.

கிளாரன்ஸ் பாக்டரி சிவில் செக்‌ஷனில் இருந்த நாகேஷைப் பிடித்தான். கோலார்க்காரர், தமிழை வீட்டுப் பாஷை போலப் பேசுவார். இன்ஜினியர் பாஷையில் பேச மாட்டார். டேங்க் கட்டினால் கழிவு அடியில் தங்கும், மேலே வருகிற தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் அதுவும் அசுத்தம்தான் என்றார். அதை ஆழமில்லாத நீளக் காவாயில் ஓட்டைக் குழாய் வைத்து, ஜல்லி பரப்பி, மண்ணில் ஊற விட வேண்டும். மேல்மண்ணுக்குத்தான் மூச்சு உண்டு, அந்த மூச்சுதான் தண்ணீரைச் சுத்தம் செய்யும். இடுப்பளவுக்கு மேல் போனால் மண் வேலை செய்யாது.

"மண்ணு குடிக்கணும், கிளாரன்ஸ் அவரே. ஆனா மெதுவா குடிக்கணும். மடக்குனு குடிச்சா அழுக்கு அப்படியே கிணத்துக்குப் போவுது. குடிக்கவே இல்லேன்னா உங்க வாசல்ல வந்து நிக்குது."

எந்த மண் எப்படிக் குடிக்கிறது என்று பார்க்கவும் வழி சொன்னார். சின்னக் குழி வெட்டி, முதல் நாள் ராத்திரியே தண்ணீர் ஊற்றி மண்ணை ஊற வைக்க வேண்டும். மறுநாள் திரும்பவும் ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டு, தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கிளறிப் போட்ட மண் உதவாது, பிறவி மண்ணாக இருக்க வேண்டும். கிணற்றிலிருந்து நல்ல தூரம் தள்ளி இருக்க வேண்டும். இதையெல்லாம் மழைக்காலம் முடிந்து நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

அப்போது சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மழை முடியட்டும், பார்க்கலாம் என்று வீட்டில் வந்து சொன்னான். லூயிசா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. "ஊர்ல எல்லாரும் வூடு கட்டறாங்க, நீங்க மட்டும் மழைக்கு மனு போடறீங்க" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், குரல் உயராது. அந்த வருஷம் மழை வேறு தாராளமாகப் பொய்த்தது. குச்சி நட வழியில்லை. அடுத்த வருஷம்வரை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் திரும்புவதுமாகக் கழிந்தது.

மழை பெய்து ஓய்ந்த பிறகு கிளாரன்ஸ் கடப்பாரையைத் தூக்கினான். மனையின் மேல்பக்கம் வெட்டினால், முழங்கால் ஆழத்துக்குள் ணங்கென்று பாறை. தெருப்பக்கம் வெட்டினால் களிமண். ஊற்றிய தண்ணீர் டம்ளரில் ஊற்றியது போல அப்படியே நின்றது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதில் கொசுப்புழு நெளிகிறது, தண்ணீர் மட்டும் இறங்கக் காணோம். நடுவில் வெட்டிய குழியில் ராத்திரி ஊற்றிய தண்ணீரைக் காலையில் யாரோ வீட்டு ஆடு குடித்துவிட்டுக் குச்சியையும் மென்றுவிட்டுப் போயிருந்தது. மறுபடி ஊற்றிப் பார்த்தால் மடக்கென்று உள்ளே போய்விட்டது, அதுவும் உதவாது. போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று, "இன்னா சார், தங்கம் எதுனா கீதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். குழியருகே குந்தி உட்கார்ந்து, ஈர மண்ணை விரலில் தேய்த்துப் பார்க்கிறவனை இந்த ஊரில் வேறு என்ன கேட்பார்கள்? கிளாரன்ஸுக்கு உச்சந்தலையில் ஏறும். பதில் சொல்ல மாட்டான். தன் மனையைத் தானே மூலைமூலையாக ரிஜக்ட் செய்துகொண்டு நடந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவனுக்கே கசந்தது.

கடைசியாகக் கிழக்கு மூலை மிச்சமிருந்தது. செம்மண், லேசாக நறநறக்கும். ஊற்றினான். லூயிசாவும் வந்து குடையை ஊன்றி நின்றாள். தண்ணீர் இறங்கியது. அவசரமில்லாமல், நிற்காமல், பெரியவர்கள் காப்பி குடிக்கிற மாதிரி இறங்கியது. மறுபடி ஊற்றினான், அதே வேகம். மூன்றாம் தடவையும் அதே. டேப்பைப் பிடித்துக்கொண்டு சரோஜம்மாவின் கிணறுவரை அளந்தான். நாகேஷ் சொன்ன தூரம் மயிரிழையில் தேறியது. சரோஜம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, டேப்பின் மறுமுனையைத் தானே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள்.

"சரி" என்றான் கிளாரன்ஸ்.

லூயிசா அந்த வார்த்தையைக் கேட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் சந்தோஷத்தில் தன்னை மறந்து ஒரு முழுச் சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு அவஸ்தைப்பட்டாள். பட்டாலும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

இனி காவாய் வெட்ட வேண்டியதுதான் பாக்கி என்கிற நேரத்தில் பாக்டரி அவனை நெய்வேலிக்கு அனுப்பியது. அங்கே ஓடுகிற பாக்டரி வண்டியில் ஏதோ கோளாறு, யார் தப்பு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தப்பு கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அவனை விட்டால் ஆள் ஏது? லூயிசா காத்திருந்தது போதும் என்று நினைத்து, வேலையை இன்பராஜிடம் ஒப்படைத்தான். அவரும் அவரோடு வி.ஆர்.எஸ். வாங்கிய கேங்கும் ஊரிகம் ஸ்டேஷன் மரத்தடியில் சீட்டுப் போட்டுக்கொண்டு, கைகள் துருப்பிடித்துக் கிடந்தார்கள். வேலை என்றதும் எழுந்து உட்கார்ந்தார்கள். கிளாரன்ஸ் மனைக்குக் கூட்டிப்போய்க் கிழக்கு மூலையில் சுண்ணாம்பால் கோடு கிழித்துக் காட்டினான்.

"எவ்ளோ ஆழம், மாப்ள?"

"இடுப்பளவு. அதுக்கு மேல ஒரு அங்குலம் கூடாது, மச்சான்."

"ஏன்?"

"அளவு அதான்."

இன்பராஜ் தன் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் அவரைப் பார்த்தார்கள். பூமிக்குள் மைல் கணக்கில் இறங்கிப் பாறையைப் பிளந்த கேங்க் அது. அவர்களிடம் போய் இடுப்பளவு வெட்டு என்பது, கல்யாணச் சமையல்காரனைக் கூப்பிட்டு வெந்நீர் வை என்பது போல. ஒருவன் களுக்கென்று சிரித்தான். கிளாரன்ஸ் அதைக் கவனித்தான். கவனித்தும், வாயைத் திறந்து இரண்டு வார்த்தை விளக்கியிருக்கலாம். மண்ணுக்கு மூச்சு உண்டு என்று நாகேஷ் தனக்குச் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். அதற்கும் மேலே இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

நெய்வேலியில் அவன் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இங்கே நடந்தது இது. முதல் நாள் இன்பராஜ், மாப்பிள்ளை சொன்னபடி இடுப்பளவுதான் வெட்டினார். வெட்டி முடித்துக் குழிக்குள் நின்று பார்த்தார். மனசு ஒப்பவில்லை. ஒரு வீட்டு அசிங்கம் இடுப்பு ஆழத்திலா கிடக்கும்? நாறாதா? தங்கச்சி வீடு, நாலு பேர் வந்து போகிற இடம். மாப்பிள்ளை பாக்டரிக்காரன், மண்ணுக்கு மேலே வேலை பார்க்கிறவன், ஆழத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? நடுவில் இன்னும் கொஞ்சம் இறக்குவோம் என்றார். கேங்க் காத்திருந்தது போல மண்வெட்டியை எடுத்தது. ஆள் உயரம் போனது. வெட்ட வெட்டக் கை பழைய தாளத்தைப் பிடித்துக்கொண்டது. பக்கத்துக்குக் கட்டை கொடுத்தார்கள், மேலே முக்காலி நட்டு உருளை மாட்டினார்கள். கீழே இருக்கிறவன் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடித்தது, வாளி ஏறியது. சீட்டாட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டார்கள்.

தென்னை உயரம் இறங்கியபோது மண்ணில் ஈரம் தெரிந்தது. இன்பராஜ் அதை அள்ளி முகர்ந்தார். தங்கச்சியின் சூடு ஞாபகம் வந்தது. லைன் குழாயின் செம்பட்டைத் தண்ணீர் ஞாபகம் வந்தது. இது கிணறாகட்டும், கக்கூஸுக்கு வேறு மூலையில் வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினார். அதற்குப் பிறகு அவரை யார் சொன்னாலும் நிறுத்தியிருக்க முடியாது, யாரும் சொல்லவும் இல்லை. லூயிசாவுக்குப் பரீட்சை நேரம், மனைப் பக்கமே வரவில்லை. வருகிற அன்றைக்கு ஆச்சரியப்படட்டும் என்று அவளிடம் மூச்சு விடவில்லை.

கிளாரன்ஸ் பங்காருப்பேட்டையில் ரயில் மாறி ஊரிகத்தில் இறங்கினான். டிக்கெட் வாங்குகிறவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் மனையில் தண்ணீர் வந்துவிட்டதாமே சார் என்றார். இவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே மனைக்கு நடந்தான்.

தெருவே அங்கே கூடியிருந்தது. குடத்தோடு பெண்கள், வேடிக்கைக்கு ஆண்கள். கிழக்கு மூலையில் மல்லிகைச் சரம் சுற்றிய உருளை. அதற்குக் கீழே தேர்ந்த கை வெட்டிய வட்டம், பிசிறு இல்லாத சுவர். எட்டிப் பார்த்தால் ஆழத்தில் வானம் தெரிந்தது. கேஜ் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, அப்பழுக்கற்ற வேலை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதாகக் கேட்டிருக்கிறோம். இங்கே கக்கூஸுக்கு வெட்டப் போய்க் கிணறு கிளம்பியிருந்தது.

கிளாரன்ஸ் பெட்டியை இறக்காமல் மனையை மூலைமூலையாக ஒரு சுற்றுப் பார்த்தான். கிணற்றின் பக்கத்தில் கழிவை விடக் கூடாது. கிணறு இப்போது அவன் மனைக்குள்ளேயே இருக்கிறது. மேல்பக்கம் பாறை, தெருப்பக்கம் களி, தேறின ஒரே மூலையில் தண்ணீர். இந்த மனையில் இனிமேல் எந்த இடத்திலும் கக்கூஸ் வராது.

"மச்சான், நான் இடுப்பளவுன்னுதானே சொன்னேன்."

"சொன்னே. நாந்தான் இன்னும் கொஞ்சம் போலாம்னு போனேன். பாத்தியா, எப்பிடி வந்திருக்குது?" இன்பராஜின் முகம் பூரித்துக் கிடந்தது.

"மூடுங்க."

மூடிவிடுங்கள், இது எனக்கு வேண்டாம் என்று கிளாரன்ஸ் திரும்பவும் சொன்னான். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, குவித்திருந்த மண்ணில் மண்வெட்டியைச் செருகினான். சரோஜம்மா குறுக்கே வந்து நின்றாள். தண்ணீர் வந்த கிணற்றை மூடுகிறவன் வம்சம் விளங்குமா என்று கேட்டாள். ஆளாளுக்குப் பேசினார்கள். நெய்வேலி வெயிலில் சாருக்கு மூளை இளகிவிட்டது என்று ஒருவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கிளாரன்ஸ் கத்தினான். இது அளவில் இல்லை, எனக்கு உதவாது, யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று கத்தினான். அவன் கத்தி யாரும் பார்த்ததில்லை. கத்திக்கொண்டிருக்கும்போதே, மூடியும் பயனில்லை என்பது அவனுக்கு உறைத்தது. கிளறின மண் உதவாது. எத்தனை லோடு கொட்டினாலும் அது நேரே ஊற்றுக்கு இறங்குகிற குழாய்தான். மண்வெட்டி கையில் அப்படியே நின்றது.

இன்பராஜுக்கும் ரோஷம் வந்தது. கூலி வாங்காமல் வெட்டிக் கொடுத்த கேங்க் பக்கத்தில் நிற்கிறது, ஊர் பார்க்கிறது. பாக்டரி ஆபீசர் தோரணையை என்னிடம் காட்டாதே, உன் சாக்பீஸை உன் மிஷினோடு வைத்துக்கொள் என்றார். நான் வெட்டினது உனக்கில்லை, என் தங்கச்சிக்கு என்றார்.

அந்த நேரம் பார்த்து லூயிசா வந்தாள். கிளாரன்ஸ் ஊருக்கு வந்துவிட்டான், மனையில் சண்டை என்று யாரோ பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். குடையும் கையுமாக, விரலெல்லாம் சாக்பீஸ் தூளாக வந்து நின்றாள். கிணற்றைப் பார்த்தாள். புருஷன் கையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குச்சி நட்ட ஒவ்வொரு குழியருகேயும் குடையை ஊன்றிக் காத்து நின்றவள் அல்லவா? யாரும் அவளுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்பராஜ் வாளியிலிருந்து பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு, இரண்டு கையாலும் நீட்டினார். குரல் குழைந்தது.

"குடி, பாப்பா. மொத தண்ணி உனக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒரு மாசம் இதக் குடி, சூடெல்லாம் ஓடிப் போயிடும்."

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. லூயிசா சொம்பை வாங்கினாள். வாயருகே கொண்டுபோகவில்லை. ஏதாவது சொல்லி இவளை இந்த இடத்திலிருந்து கூட்டிப் போய்விட வேண்டும் என்று கிளாரன்ஸ் தவித்தான். அதற்குள் அவள் கடைசி பெஞ்சுவரை கேட்கிற வகுப்புக் குரலில் ஆரம்பித்தாள்.

"அண்ணே, எனக்குச் சூடு இல்ல. ஒண்ணுக்குப் போக எடம் இல்லாமதான் நான் பகல்ல தண்ணி குடிக்கறதில்ல. இத்தினி வருசமா அடக்கி அடக்கி கிட்னி கெட்டுகினு வருதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வூட்டுக்குள்ள எனக்கு ஒரு கக்கூஸ் வேணும்னுதான் இவரு மூலைக்கு மூலை தண்ணி ஊத்திப் பாத்தாரு. தேறுனது இந்த ஒரு மூலதான்."

ஆண்கள் கிணற்றைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். குடம் வைத்திருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோப்புக்குப் போக இருட்டைப் பார்த்துக் காத்திருக்கிற அவர்களில் பகலில் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறவள் ஒருத்தியும் கிடையாது. சரோஜம்மா முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

இன்பராஜின் கைகள் சொம்பைக் கொடுத்த நிலையிலேயே காற்றில் நின்றன. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகத் தான் கொண்டுவந்த இளநீரெல்லாம் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். மெல்லத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். கோபம் போயிருந்தது.

"எங்கிட்ட ஏன்யா சொல்லல? இடுப்பளவு இடுப்பளவுன்னியே, அவளுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் முழங்காலோட நிறுத்தியிருப்பேனே."

கூச்சம் என்பதா, திமிர் என்பதா, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கிளாரன்ஸுக்குத் தெரியவில்லை. மண்வெட்டியைச் சத்தமில்லாமல் மண்ணில் சாய்த்து வைத்தான்.

லூயிசா சொம்பை உயர்த்திக் குடித்தாள். நிறுத்தாமல், அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கழுத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டு காலிச் சொம்பை அண்ணன் கையில் கொடுத்தாள். நல்ல தண்ணீர் என்று சொன்னாள். அது உண்மைதான். பிறகு கிளாரன்ஸ் பக்கம் திரும்பினாள்.

"பெட்டிய எடுங்க, லைனுக்குப் போலாம். சீக்கிரம் நடக்கணும்."